கைக்கு அடங்கும் வலிமை: பேடல் மட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறை

(ஹைதராபாத் வாழ் தமிழ் அன்பர்கள் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஹைதராபாத் நகரத்தின் மேற்குப் புறத்தில், அலுவலகம் முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் மாலை வேளையில், விளக்கொளியில் மின்னும் கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே நால்வர் நால்வராக நின்று பந்தாடும் காட்சி இப்போது நமக்குப் பழக்கமாகி வருகிறது. பேடல் என்னும் அந்த ஆட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும், அவர்களைப் பார்த்து ஆசைகொண்ட தாய் தந்தையரும் ஈடுபடத் தொடங்கியிருக்கிறார்கள். சில நாள் இரவல் மட்டையால் ஆடிப் பார்த்தவர், சொந்தமாக ஒன்று வாங்கவேண்டுமென்று தீர்மானித்துக் கடைக்குப் போனால், ஒன்று கட்டுப்பாட்டுக்கு உரியது என்றும், மற்றொன்று வேகத்துக்கு உரியது என்றும், வேறொன்று இரண்டையும் சமமாகத் தருவது என்றும் விற்பவர் எடுத்துக்காட்ட, எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறார். அந்தத் திகைப்பைத் தீர்க்க என்னால் இயன்ற உதவியைச் செய்யவேண்டும் என்பதே இன்று நான் பேச வந்ததன் நோக்கம்.

என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மட்டை வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர், தம் வாழ்நாளில் அடித்த மிகச் சிறந்த அடியை மனத்தில் நினைத்துக்கொண்டு, அந்த அடியை இன்னும் பலமாக்கித் தரும் மட்டையைத் தேடுகிறார்கள், அது தவறு. மூச்சு வாங்கி, தோள் சோர்ந்து, கால் ஓர் அடி பின்தங்கி, கண்ணாடியில் மோதித் திரும்பும் பந்தை எப்படியாவது வலைக்கு மேலே அனுப்பினால் போதும் என்றிருக்கும் நெருக்கடியில் நாம் அடிக்கும் அடி எதுவோ, அதை மனத்தில் வைத்துத்தான் மட்டையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். சோர்ந்த கைக்கும் அடங்குகிற மட்டையே நம்முடைய மட்டை. அந்த அடக்கத்துக்கு உட்பட்டு எவ்வளவு வலிமை கிடைக்கிறதோ அவ்வளவே நமக்கு உரிய வலிமை.

திருவள்ளுவர் ஒரு காரியத்தில் இறங்கும் முன் நான்கு வலிமைகளைச் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும் என்கிறார்: செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை. வலியறிதலுக்கு அடுத்தபடியாகக் காலத்தையும் இடத்தையும் அறியச் சொல்கிறார். அரசனுக்குச் சொன்ன அந்த முறையே ஒரு மட்டையைத் தேர்ந்தெடுப்பவனுக்கும் முற்றிலும் பொருந்துவதால், அந்த வரிசையைப் பெரும்பாலும் பின்பற்றியே பேச விரும்புகிறேன்.

முதலில் செயலின் இயல்பு. பேடல் ஆட்டம் மெக்ஸிகோ நாட்டின் அகபுல்கோ நகரத்தில், என்ரிகே கோர்குவேரா என்பவருடைய இல்லத்தில், 1969-ஆம் ஆண்டு உருவாயிற்று. அங்கே அதைக் கண்டு மனம் பறிகொடுத்த இளவரசர் அல்ஃபோன்ஸோ ஹோஹென்லோஹே 1974-இல் ஸ்பெயின் தேசத்து மார்பெய்யாவுக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அது அர்ஜென்டினாவுக்குப் பரவி வேரூன்றியது. 1991-இல் சர்வதேசச் சம்மேளனம் ஒன்றும் தோன்றியது. களத்தின் நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். டென்னிஸ் களத்தைவிடச் சிறிய இந்த இடத்தில் எப்போதும் நால்வர் ஆடுகிறார்கள். நடுவே கட்டிய வலை மையத்தில் 88 சென்டிமீட்டர் உயரமும், இரு ஓரங்களிலும் 92 சென்டிமீட்டர் உயரமும் உடையது. பின்புறச் சுவர் 3 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடியும் அதற்கு மேல் 1 மீட்டர் கம்பிவலையுமாக எழுந்து நிற்கிறது. சர்வீஸ் போடும்போது பந்தைத் தரையில் தட்டி, இடுப்புக்கு மேற்படாத உயரத்தில் அடிக்கவேண்டும் என்பது விதியாகையால், டென்னிஸில் இருப்பதுபோல் சர்வீஸ் ஒன்றினாலேயே எதிரியை வீழ்த்திவிடும் வாய்ப்பு இங்கே இல்லை.

இந்த அமைப்பின் விளைவை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். டென்னிஸில் பலமாக அடித்த பந்து எதிரியைக் கடந்து போய்விட்டால் அத்துடன் காரியம் முடிந்தது. பேடலிலோ, கடந்து போன பந்து பின்சுவரில் மோதித் திரும்பி வருகிறது. எவ்வளவு வேகமாகப் போயிற்றோ அவ்வளவு தூரம் சுவரை விட்டு விலகி, நிதானமாக நின்று அடிப்பதற்கு ஏற்ற உயரத்தில் எதிரியின் கைக்கே வந்து சேருகிறது. பின்சுவருக்கு மேலே பறந்து களத்தை விட்டே போகும்படியாகவோ, சுவரில் மோதி வலையைத் தாண்டி நம் பக்கத்துக்கே திரும்பும்படியாகவோ தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிக்க வல்லவருடைய ஸ்மாஷ் பேராயுதம்தான். ஆனால் அந்த அளவுக்கு எட்டாத அரைகுறை வேகம் எதிரிக்குச் செய்யும் உபகாரமாகவே முடிகிறது. மாறாக, மெல்லச் சென்று, மூலையில் விழுந்து, கண்ணாடியிலிருந்து எழாமல் சரிந்துவிடும் பந்து எவ்வளவு பெரிய ஆட்டக்காரரையும் தடுமாறச் செய்கிறது. உலகத் தர வரிசையில் 2002-ஆம் ஆண்டு தொடங்கி 16 ஆண்டுகள் முதலிடத்தை விடாது வகித்த அர்ஜென்டினா வீரர் ஃபெர்னாண்டோ பெலாஸ்டெகினின் நெடிய வெற்றிக்கு, எந்தப் பந்தை எப்போது எங்கே அனுப்புவது என்ற விவேகமே ஆதாரமாக இருந்தது என்று நான் கருதுகிறேன்.

இனி, மட்டை என்னும் கருவியின் லட்சணத்தைப் பார்ப்போம். பேடல் மட்டைக்கு நரம்பு கிடையாது. துளைகள் இட்ட கெட்டியான முகம், உள்ளே நுரைப்பொருள், சுற்றிலும் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆன சட்டம், குட்டையான பிடி, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கயிறு ஆகிய இவையே அதன் உறுப்புகள். நீளம் 45.5 சென்டிமீட்டருக்கும், அகலம் 26 சென்டிமீட்டருக்கும், கனம் 38 மில்லிமீட்டருக்கும் மேற்படக்கூடாது. கயிறு இன்றி ஆடக்கூடாது. இந்த எல்லைக்குள் மட்டைக்கும் மட்டைக்கும் உள்ள வேற்றுமை எடை, எடைமையம், வடிவம், உள்நுரை, மேல்முகம் என்னும் ஐந்தில் அடங்கிவிடுகிறது.

இவற்றுள் மக்கள் முதலில் விசாரிப்பது எடையை. முதலில் விசாரிக்கவேண்டியதோ எடைமையத்தை. பெரியவர்களுக்கான மட்டைகள் பெரும்பாலும் 350 கிராமிலிருந்து 375 கிராம் வரை இருக்கின்றன. ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று கையில் இலேசாகவும் மற்றொன்று பாரமாகவும் தோன்றுவது, அந்த எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுத்தியலைத் தலைப்பக்கத்தில் பிடித்து வீசிப் பாருங்கள். பிறகு காம்பின் நுனியைப் பிடித்து வீசிப் பாருங்கள். எடை மாறவில்லை, ஆனால் கைக்குத் தெரியும் பாரம் எவ்வளவோ மாறிவிடுகிறது. சுழற்றும் கையிலிருந்து ஒரு பொருளின் தூரம் இரண்டு மடங்கானால், அதைச் சுழற்றத் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் வேண்டிய பிரயாசை நான்கு மடங்காகிறது என்பது பௌதிக சாஸ்திரத்தின் விதி. ஆகவே மட்டையின் அடிமுனையிலிருந்து அளந்தால் எடைமையம் 25 சென்டிமீட்டரில் இருப்பதற்கும் 27 சென்டிமீட்டரில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, காகிதத்தில் அற்பமாகத் தோன்றினாலும், வலை அருகே நின்று முகத்துக்கு நேரே வரும் பந்தைத் தடுக்கவேண்டிய கணத்தில் மிகப் பெரிதாகிவிடுகிறது. தலைப்பாரம் உள்ள மட்டை ஸ்மாஷ் அடிக்கும்போது பந்துக்கு உந்துதலைச் சேர்க்கும். அந்தப் பாரமே தடுப்பாட்டத்தில் கையைத் தாமதிக்கச் செய்யும். பிடிப்பக்கம் பாரமுள்ள மட்டை மணிக்கட்டு நினைத்தவுடன் திரும்பும். ஆனால் மேலிருந்து அடிக்கும் அடிக்கு வேண்டிய உந்துதலை நாமே தோளிலிருந்து தரவேண்டும்.

வடிவம் பெரும்பாலும் இந்த எடைமையத்தை ஒட்டியே அமைகிறது. வட்ட வடிவ மட்டையில் பந்தை நன்கு ஏற்கும் பகுதி முகத்தின் நடுவில் விரிந்து கிடக்கிறது. எடைமையமும் கைக்கு அருகில் இருக்கிறது. வைர வடிவ மட்டையில் அந்தப் பகுதி சற்றுச் சுருங்கி மேல்நோக்கிப் போய்விடுகிறது. எடையும் அத்துடன் மேலே ஏறுகிறது. நீர்த்துளி வடிவம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கட்டுப்பாட்டையும் வலிமையையும் சமமாக விரும்புகிறவருக்கு நீர்த்துளி வடிவத்தையே பலரும் சொல்வார்கள். அந்தச் சொல் பொதுவாகச் சரியே. எனினும் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. தலைப்பாரம் மிகுந்த நீர்த்துளி மட்டைகளும் உண்டு. கை இலேசாக இயங்கும்படி அமைந்த வைர மட்டைகளும் உண்டு. ஒரு விரலின்மேல் மட்டையைக் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டால் உண்மை விளங்கிவிடும்.

உள்நுரையைப் பற்றி நம்மிடையே ஒரு மயக்கம் இருக்கிறது. நுரை மென்மையாக இருந்தால் கட்டுப்பாடு, கடினமாக இருந்தால் வலிமை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதன்று. பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கே. அந்த நேரத்தில் ஈ.வி.ஏ. என்னும் நுரை ரப்பர் மென்மையாக இருந்தால் அமுங்கி எழுந்து, நாம் மெதுவாக வீசினாலும் பந்தைத் தானே தள்ளிவிடுகிறது. ஆகவே மென்னுரை மட்டை, பலமாக வீச முடியாத நிலையில் நமக்கு வலிமையைக் கடனாகக் கொடுக்கிறது; முழு வீச்சில் அடிக்கும்போதோ அமுங்குவதிலேயே அதன் சக்தி கழிந்துபோய், பந்து போகும் திசையும் சற்று நெகிழ்ந்துவிடுகிறது. கடின நுரை அதற்கு நேர்மாறானது. மெதுவாக வீசுபவருக்கு அது எதையும் தராது. வேகமாக வீச வல்லவருக்கோ முழு வலிமையையும் தந்து, திசையையும் பிசகாமல் காக்கிறது. ஆகவே, எந்த நுரை வலிமையைத் தரும் என்ற கேள்விக்கு, வீசும் கையின் வேகத்தை அறிந்த பிறகே பதில் சொல்ல முடியும்.

மேல்முகத்தில் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ பயன்படுகிறது. கண்ணாடி இழை சற்று வளைந்துகொடுக்கும், விலையும் குறைவு. கார்பன் இழை விறைப்பானது, நீடித்து உழைப்பது. அதில் 3கே, 12கே, 18கே என்று அச்சிட்டிருக்கும் எண்கள் ஒரு புரியில் எத்தனை ஆயிரம் இழைகள் சேர்ந்திருக்கின்றன என்பதை மட்டுமே காட்டுகின்றன. எண் பெரிதாக இருந்தால் ஆட்டமும் உயரும் என்று எண்ணிப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. முகத்தில் மணல் தூவியதுபோன்ற சொரசொரப்பு, பந்தைச் சுழலவிடுகிறவருக்கு உதவும். ஆனால் சுழல் பழகாதவருக்கு அது ஓர் அலங்காரம்தான்.

கருவியின் கதை இவ்வளவே. அடுத்தது தன் வலிமையை அறிவது. இந்த இடத்தில் ஹைதராபாத் நகரத்தின் விளையாட்டு மரபை நினைவுகூராமல் என்னால் மேலே செல்ல முடியாது. இந்த நகரம் உலகத்துக்கு அளித்த ஆட்டக்காரர்களின் பெரும் புகழ் மணிக்கட்டின் புகழ். 1984-85-இல் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் மூன்று டெஸ்ட் போட்டிகளிலும் சதம் அடித்த முகமது அஸாருதீன், பந்தின் வேகத்தையே தம் வேகமாக்கிக்கொண்டு, மணிக்கட்டின் ஒரு திருப்பத்தில் அதை எல்லைக்கோட்டுக்கு அனுப்பியதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 281 ரன் குவித்த வி.வி.எஸ். லக்ஷ்மண், ஷேன் வார்னே கால்புறத்துக்கு வெளியே கரடான தரையில் குத்தித் திருப்பிய பந்துகளை, விரும்பியபோது கவர் திசைக்கும், விரும்பியபோது மிட்விக்கெட்டுக்கும் அனுப்பினார். கை மட்டையை முழுதும் ஆண்டதனாலேயே அவர்களுடைய பந்து அவ்வளவு தூரம் போயிற்று என்பது என் துணிபு.

நம் தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு திருஷ்டாந்தம் காட்டுகிறேன். டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். 1961-இல் கால் இறுதியில் ராய் எமர்ஸனை வென்றார். இடிபோன்ற சர்வீஸ் அவரிடம் இருந்ததில்லை. 370 கிராமுக்கு மேற்பட்டே பெரும்பாலும் இருந்த அந்தக் காலத்து மர ராக்கெட்டைக்கொண்டு, பந்தைத் தொடும் நயத்தாலும், அனுப்பும் இடத்தின் நுட்பத்தாலுமே அவர் உலகத்தின் முதல்தர வீரர்களை எதிர்த்து நின்றார். அவருடைய குமாரர் ரமேஷ் கிருஷ்ணன் 1989-இல் ஆஸ்திரேலியப் போட்டியில், அப்போது உலகின் முதல் வீரராயிருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்ததும் அதே கலையினால்தான். தஞ்சையில் பிறந்து தென்னாடு முழுதும் பரவிய பூப்பந்தாட்டத்திலும், மஞ்சள் கம்பளிப் பந்தைக் கீழே விழவிடாமல் ஆடுகிறவருக்கு நயமே முதல் மூலதனம். அந்த ஆட்டத்துக்காக 1970-இல் அர்ஜுனா விருது பெற்ற பிச்சையா இந்தத் தெலங்கானா மண்ணின் வரங்கல்லில் வாழ்ந்தவர் என்பதும் நாம் பெருமைப்படத் தக்கது.

வலிமையை நான் இகழவில்லை. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் இறகுப்பந்தை ஸ்மாஷ் அடித்து உலக சாதனை படைத்த சாத்விக்சாய்ராஜ், இந்த நகரத்துக் கச்சிபௌலியில் உள்ள, பயிற்றுநர் கோபிசந்தின் பயிற்சிக்கூடத்தில் உருவானவர். ஆனால் அந்த வேகத்தின் பின்னே எத்தனை ஆண்டுப் பயிற்சி இருக்கிறது, எவ்வளவு உறுதிபெற்ற தோளும் இடுப்பும் இருக்கின்றன என்பதை மறந்து, அவருடைய ராக்கெட்டைப் போன்ற ஒன்றை வாங்கிவிட்டால் அந்த வேகமும் வந்துவிடும் என்று நினைப்பது பேதைமை. இறகுப்பந்து ஆடும் பிள்ளைகளை உடைய இந்த நகரத்துப் பெற்றோருக்கு, 80 கிராம் ராக்கெட்டுக்கும் 90 கிராம் ராக்கெட்டுக்கும் உள்ள பேதம்கூட நன்றாகத் தெரியும். அந்த அறிவைப் பேடலுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தன் வலிமையை அறியாமல் மட்டையைத் தேர்ந்தெடுத்தால் நேரும் தீங்கு தோல்வியோடு நிற்பதில்லை. 2004-இல் சச்சின் டெண்டுல்கர் முழங்கை வலியால் அவதிப்பட்டபோது, டென்னிஸ் எல்போ என்ற பெயர் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. முழங்கையின் வெளிப்புற எலும்பில், மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் பற்றியிருக்கும் இடத்தில் அந்த நோவு உண்டாகிறது. பந்தைத் தாமதமாக அடிப்பதும், பிடியை இறுகப் பற்றுவதும், விறைப்பும் தலைப்பாரமும் மிகுந்த மட்டையை ஆளப் போராடுவதும் அதை வளர்க்கின்றன. அதற்காக மிகவும் இலேசான மட்டையை நாடுவதும் நன்றன்று. பந்தின் மோதலைத் தாங்கும் அளவுக்கு எடை இல்லாவிட்டால், அந்த அதிர்ச்சி கைக்கு ஏறிவிடுகிறது. நடுத்தர எடை, தாழ்ந்த எடைமையம், மிதமான நுரை ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழங்கைக்கு நண்பன்.

இனி இடமும் காலமும். இதில் ஹைதராபாத்துக்கென்று தனியாக ஒரு நியாயம் உண்டு. பேடல் பந்தை 2.54 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அது 135 முதல் 145 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது பொது விதி. கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டரைக் கடந்த ஊர்களில், 135 சென்டிமீட்டருக்குக் குறைவாக எழும்பும் வேறு வகைப் பந்தைப் பயன்படுத்தலாம் என்று அதே விதிநூல் அனுமதிக்கிறது. ஏனெனில் உயரமான இடத்தில் காற்று இலேசாவதால் பந்து சற்று அதிகமாகத் துள்ளிப் பறக்கிறது. தக்காண பீடபூமியில் சுமார் 540 மீட்டர் உயரத்தில் அமைந்த நம் நகரம் அந்த எல்லையைத் தாண்டியே நிற்கிறது. இதனுடன் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸை எட்டும் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பத்தில் பந்தின் உள்ளழுத்தம் ஏறுகிறது. மட்டையின் நுரை இளகுகிறது. இரண்டும் சேர்ந்து பந்தை நாம் எண்ணிய தூரத்துக்கு மேல் கொண்டுபோய்விடுகின்றன. சுருங்கச் சொன்னால், வலிமையின் ஒரு பகுதியை இந்த ஊரே நமக்கு இனாமாகத் தந்துவிடுகிறது; நாம் விலை கொடுத்து வாங்கவேண்டியது கட்டுப்பாடு.

குளிர்ந்த நாட்டில் ஆடுபவர்கள் மென்னுரையைப் புகழ்வதைக் கேட்டு நாமும் அதையே வாங்கினால், நம் கோடையில் அது மேலும் இளகி, நிதானம் தவறிவிடும். மார்கழி, தை மாதத்து இரவுகளில் நுரை இறுகுவதால், மிகவும் கடினமான நுரை அப்போது கைக்கு உறுத்தலாகத் தோன்றும். ஆகையால் ஆண்டு முழுதும் ஒரே மட்டையால் ஆடுபவருக்கு நடுத்தர நுரையே இந்த நகரத்துக்கு உகந்தது. மட்டையைக் காருக்குள் வெயிலில் விட்டுவைக்கக் கூடாது. நுரையும் பசையும் அதனால் கெடும். மழைக்காலத்துப் புழுக்கத்தில் கை வியர்ப்பதால், பிடியின்மேல் சுற்றும் மெல்லிய நாடாவை அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும்; நழுவும் பிடியை இறுக்கிப் பிடிப்பதிலிருந்தே பாதி முழங்கை நோவு தொடங்குகிறது. அந்த நாடாவுக்கும் சில கிராம் எடை உண்டு. இன்னொரு சுற்றுச் சுற்றினால் எடைமையம் கையை நோக்கி நகரும் என்ற உபாயத்தையும் அறிந்துவைத்திருப்பது நல்லது.

துணையின் வலிமை என்பது இந்த ஆட்டத்தில் வெறும் உபசாரமான பேச்சன்று; இருவர் சேர்ந்தே ஒரு கட்சி. இருவரும் வலக்கையர்களானால், இடப்புறம் நிற்பவருக்கு நடுவில் உயர்ந்து வரும் பந்துகள் அவருடைய முன்கை (ஃபோர்ஹாண்ட்) பக்கத்திலேயே கிடைப்பதால், தாக்குதல் பெரும்பாலும் அவர் பொறுப்பாகிறது. வலப்புறம் நிற்பவர் பந்தை விடாமல் காத்து, தாக்குதலுக்கு வழி அமைத்துத் தருகிறார். ஆகவே இடப்புறத்தவர் சற்று மேலேறிய எடைமையத்தையும், வலப்புறத்தவர் வட்டத்தை ஒட்டிய மட்டையையும் கொள்வது பொருத்தம். இந்த நகரத்துச் சானியா மிர்ஸாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் சேர்ந்து 2015-இல் விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும், 2016-இல் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் வென்று, தொடர்ந்து 41 ஆட்டங்களில் தோல்வி காணாதிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவருடைய முன்கை வலிமையும், மற்றவருடைய வலைமுனை நுட்பமும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. நாம் தேடும் சமநிலை முழுவதும் ஒரே மட்டைக்குள் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அதில் ஒரு பங்கைத் துணைவரின் மட்டையும் தாங்கலாம்.

இவ்வளவும் சீர்தூக்கிய பின் நான் கூறும் முடிவுகள் வருமாறு. புதிதாக ஆடத் தொடங்குகிறவர், வட்ட வடிவமோ அதை ஒட்டிய நீர்த்துளி வடிவமோ கொண்டு, 350 முதல் 365 கிராம் எடையில், தாழ்ந்த எடைமையமும், மிதமான நுரையும், கண்ணாடி இழை முகமும் உள்ள மட்டையை வாங்கட்டும். கண்ணாடியிலிருந்து திரும்பும் பந்தைப் பதறாமல் எடுக்கவும், உயரத் தூக்கிப் போடும் லாப் பந்தை நினைத்த ஆழத்தில் விழச் செய்யவும் பழகிவிட்டவர், நீர்த்துளி வடிவத்துக்கும், நடுத்தர எடைமையத்துக்கும், கார்பன் முகத்துக்கும் செல்லட்டும். வைர வடிவம், நல்ல ஆசிரியரிடம் தலைக்கு மேலான அடிகளைப் பயின்று, தோளையும் உறுதிப்படுத்திக்கொண்டவருக்கே உரியது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் மட்டையைக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கென்று செய்த இலேசான மட்டைகள் உள்ளன.

வாங்கும் முன் பரீட்சை செய்து பார்ப்பது இன்றியமையாதது. பெரும்பாலோர் புதிய மட்டையைக் கையில் எடுத்தவுடன் ஸ்மாஷ் அடித்துப் பார்க்கிறார்கள். அதைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். முதலில் பின்கண்ணாடியிலிருந்து திரும்பும் பந்தை லாப் செய்யுங்கள். பிறகு வலையருகே முழங்காலுக்குக் கீழே வரும் பந்தைத் தரையில் படுமுன் வாலி எடுங்கள். பிறகு உடலுக்கு நேரே வேகமாக வரும் பந்தைத் தடுங்கள். பிறகு ஸ்பானியர்கள் பந்தேஹா என்று வழங்கும், வலையை விட்டு விலகாமல் இடத்தைக் காத்துக்கொள்ள மேலிருந்து வெட்டி அனுப்பும் அடியை முயலுங்கள். அதன் பின்பே ஸ்மாஷ். ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமன்றி, களைத்துப்போன முடிவிலும் இந்தப் பரீட்சையைத் திரும்பச் செய்யுங்கள். தொடக்கத்தில் அருமையாகத் தோன்றிய மட்டை முடிவில் கையை எதிர்த்தால், அது உங்களுடையதன்று. இன்னொன்று: உறையில் அச்சிட்ட எடை ஒரு வீச்சையே குறிக்கிறது, ஒரே பெயருள்ள இரண்டு மட்டைகள் பத்துக் கிராமுக்கு மேலும் வேறுபடலாம். ஆகவே வாங்கப் போகும் மட்டையையே தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஆடுகளம் நடத்துகிறவர்களுக்கும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. விதவிதமான எடைமையமும் நுரையும் உள்ள சில மட்டைகளைப் பரீட்சைக்கென்றே வைத்திருந்து, ஆட வருகிறவர்கள் முழு ஆட்டமும் அவற்றால் ஆடிப் பார்க்க இடங்கொடுங்கள். பயிற்றுநர்கள், மாணவர் மட்டை வாங்கும் முன் அவருடைய கையையும் பழக்கத்தையும் கவனித்து இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பெற்றோர்கள், உலக வீரரின் கையொப்பம் பொறித்த மட்டையைக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, அந்த மட்டை அந்த வீரரின் தோளை அளந்து செய்யப்பட்டது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். விலை உயர்ந்த மட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை நல்ல பயிற்சிக்குச் செலவிட்டால், மீதிப் பாதியில் வாங்கும் மட்டையே இரண்டு பங்கு பயன் தரும்.

இளைஞர்களே, வலிமையை விரும்புவது உங்கள் வயதின் இயல்பு; அந்த விருப்பத்தை விட்டுவிடச் சொல்ல நான் வரவில்லை. பந்து போகவேண்டிய இடத்துக்குப் போகப் பழகிய பிறகு, கை தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். அப்போது மேலும் பலமான மட்டையை எடுத்தாலும் கை அதை ஆளும். வேகத்தை முதலில் வாங்கிவிட்டு அடக்கத்தைப் பின்னால் தேடுபவர்கள், தங்கள் பிழைகளையே மேலும் வேகமாகச் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகையால் உங்கள் கைக்கு இன்று அடங்கும் மட்டையைத் தேர்ந்தெடுங்கள். அதை ஓராண்டாவது மாற்றாமல் ஆடுங்கள். ஆட்டம் வளர்ந்து மட்டை போதாமற் போகும் நாளில், அடுத்த மட்டை எதுவென்பதை உங்கள் கையே சொல்லிவிடும்.